தட்டும் தானியமும்: எல்லைப்புற மானாவாரியில் சோள ரகத் தேர்வின் வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள நாட்றாம்பாளையம், மேலகிரிக் காடுகளுக்கும், தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடும் காவிரிக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலப்பரப்பைச் சேர்ந்தது. இங்கு முதற்பயிர் கேழ்வரகு. அதனோடு சாமை, கொள்ளு, அவரை, துவரை, ஆமணக்கு ஆகியவையும், சில சால்களில் மட்டும் சோளமும் விதைக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். கோவை, திருச்சி, கோவில்பட்டிக் கரிசல் வட்டாரங்களைப் போல ஏக்கர் கணக்கில் சோளத்தையே தனிப்பயிராக விதைக்கும் மண் இதுவன்று. அதனாலேயே சோள ஆராய்ச்சியின் வரலாற்றை இங்கிருந்து பார்க்கும்போது, ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கேட்டில் எளிதில் தென்படாத ஒரு கேள்வி தெளிவாகத் தெரிகிறது: ஒரு ரகம் மேம்பட்டது என்று தீர்மானிக்கும் அளவுகோலை வகுத்தவர் யார், அந்த அளவுகோலில் உழவரின் கணிப்பு எந்தக் கட்டத்தில், எந்த அளவுக்கு இடம்பெற்றது?

களத்துமேட்டில் நடந்த தேர்வு

சோளம் ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்ட தானியம். கிழக்குச் சூடானில் கிடைத்த தொல்லியல் தடயங்கள் அதன் பயிராக்கத்தைப் பொ.ஆ.மு. 3000-ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுசெல்கின்றன. பின்னர் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து சேர்ந்த அப்பயிர், இங்குள்ள மண்ணுக்கும் மழைக்கும் சமையலுக்கும் ஏற்ப எண்ணற்ற நாட்டு ரகங்களாகப் பிரிந்தது. 1972-ல் ஹார்லான், டி வெட் என்னும் இரு தாவரவியலாளர்கள் பயிர்ச்சோளத்தை ஐந்து இனங்களாக வகுத்தபோது, அவற்றுள் நெருக்கமான கதிரும் பருத்த மணியும் கொண்ட ‘துரா’ இனமே இந்தியாவில் மிகுதியாகப் பரவியிருப்பது உறுதியாயிற்று; ஆயினும் தமிழகத்தின் தலைவிரிச்சான் சோளம் போன்ற, கதிர்க்கிளைகள் விரிந்து தொங்கும் ரகங்களும் இங்கு நிலைத்திருந்தன.

இந்தப் பன்மை தானாக விளைந்ததன்று. அறுவடைக்கு முன்பே வயலில் நல்ல கதிர்களைக் கண்டு குறித்துவைப்பதும், அவற்றைத் தனியே அறுத்து அடுப்புப்புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவதும், சாம்பலோ வேப்பிலையோ கலந்து அடுத்த பட்டம் வரை காப்பதும் உழவர் குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின், ஆண்டுதோறுமான பணியாக இருந்தன. அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் மணியின் அளவை மட்டும் பார்க்கவில்லை. உரலில் குத்தும்போது உமி எளிதில் பிரிகிறதா, நொய் மிகுதியாக விழுகிறதா, பொங்கிய சோறு மறுநாள் வரை கெடாமல் இருக்கிறதா, களி பதமாகக் கிளறவருகிறதா என்பவையும், மாடு தட்டை விரும்பித் தின்கிறதா, அத்தட்டு வேலிக்கும் கூரைக்கும் ஆகுமா என்பவையும் அந்த மதிப்பீட்டில் அடங்கின.

நாட்டு ரகங்களின் நெடிய வயதும் பிழையன்று. அவற்றுட் பல ரகங்கள் நாள்நீள உணர்வு கொண்டவை. அதாவது, எந்த நாளில் விதைத்தாலும் பகற்பொழுது குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கிய பின்னரே பூப்பவை. ஆகவே முதல் மழை முந்தினாலும் பிந்தினாலும், அப்பயிர் மழைக்காலத்தின் இறுதியில், வானம் வெளுக்கும் நேரத்தில் மணி பிடித்தது. கதிர் நனைந்து பூசணம் பற்றும் இடர் அதனால் குறைந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் முற்றியதால் பறவைகளின் தாக்குதலும், கதிர் நாவாய்ப்பூச்சி போன்றவற்றின் சேதமும் எல்லோர் வயலுக்கும் பகிர்ந்துபோயின.

நாட்றாம்பாளையம் சார்ந்த மலைப்புறத்தில் இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் ‘அக்கடி சாலு’ என்று வழங்கும் முறை, கேழ்வரகு வயலில் இத்தனை சாலுக்கு ஒரு சால் என்று இடைவெளி விட்டு அவரையையோ துவரையையோ சோளத்தையோ விதைப்பதாகும். இப்புறத்து உழவரும் அவ்வகைக் கலப்பு விதைப்பையே பின்பற்றினர். ஒரு பயிர் பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே அதன் அடிப்படை. அத்தகைய வயலில் சோளம் உணவுக்குச் சிறு பங்கையும் கால்நடைக்குப் பெரும் பங்கையும் தந்தது; ஆகவே இங்குத் தட்டின் உயரமும் தரமும் தானியத்துக்கு அடுத்த நிலையில் வைக்கப்படவில்லை, அதற்கு ஈடாகவே எண்ணப்பட்டன.

கோயம்புத்தூரும் உழவரின் குவியலும்

சென்னை மாகாணத்தில் அரசு சார்ந்த வேளாண் ஆய்வு 1865-ல் சைதாப்பேட்டையில் நிறுவப்பட்ட மாதிரிப் பண்ணையோடு தொடங்கியது. வெளிநாட்டுக் கருவிகளையும் பயிர்முறைகளையும் உழவருக்குக் காட்டிப் பழக்குவதே அன்றைய நோக்கம். கற்பிப்பவர் பண்ணையில் இருக்கிறார், கற்பவர் வயலில் இருக்கிறார் என்பது அதன் எடுகோள். 1889-க்கும் 1891-க்கும் இடையில் இந்தியா முழுவதும் சுற்றி ஆய்ந்த வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியலாளர், 1893-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த எடுகோளை மறுத்து, இந்திய உழவரின் திறமை பல இடங்களில் ஐரோப்பிய உழவரின் திறமைக்குக் குறைந்ததன்று என்றும், அவர்களின் நடைமுறையை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

1901-ல் கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கப்பட்டதும், 1900-களின் முதற்பத்தாண்டில் வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்ததும், 1923-ல் அங்குச் சிறுதானியங்களுக்கெனத் தனி இனப்பெருக்க நிலையம் அமைந்ததும் ஒரு புதிய கட்டத்தைத் திறந்தன. அந்நிலையத்தின் சிறுதானிய வல்லுநராக விளங்கிய ஜி. என். ரங்கசாமி ஐயங்கார், சோளத்தின் மணிநிறம், உமி, தண்டின் சாறு, இலைநரம்பு முதலிய பண்புகள் எவ்வாறு மரபுவழி இறங்குகின்றன என்பதைத் தொடர் ஆய்வுக்கட்டுரைகளாக வெளியிட்டு, உலக அளவில் சோள மரபியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரானார்.

அக்காலத்தில் பெரிதும் கையாளப்பட்ட முறை தனிவழித் தேர்வு எனப்படுவது: உழவர்களின் வயல்களிலிருந்து கதிர்களைத் திரட்டி, ஒவ்வொரு கதிரின் விதையையும் தனித்தனி வரிசையில் விதைத்து, சிறந்த வரிசையை மட்டும் பெருக்கி, பண்பு மாறாத ரகமாக வெளியிடுவது. கோவை வட்டாரத்துப் பெரியமஞ்சள் சோளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ‘கோ 1’ இவ்வகையைச் சார்ந்தது. கரிசல் நிலத்தின் இறுங்கு சோளமும் கோவில்பட்டியில் இதே முறையில் தூய்மையாக்கப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தின் பெயரும் எண்ணும் தாங்கி வெளிவந்த முதல் மேம்பட்ட ரகங்களின் மூலப்பொருள், இவ்வாறு, உழவர்கள் பல தலைமுறையாகச் சலித்தெடுத்து வைத்திருந்த விதைக் குவியலே ஆகும். அந்த ரகங்கள் உழவரிடையே தயக்கமின்றி ஏற்கப்பட்டதற்கும் இதுவே காரணம்; தட்டு, சுவை, முற்றும் காலம் ஆகியவற்றில் அவர்கள் முன்பே தேர்ந்துவிட்டிருந்ததால், நிலையம் விளைச்சலையும் சீர்மையையும் மட்டும் கூட்டினால் போதுமானதாக இருந்தது. மகாராட்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து மோகோல் நிலையத்தில் 1930-களில் மால்தண்டி என்னும் நாட்டுச் சோளத்திலிருந்து தேர்ந்த ‘எம் 35-1’ இதற்கு மிகச் சிறந்த சான்று. பின்பனிக்காலச் சோளத்தில் அதை முற்றாக இடம்பெயர்க்க, அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக வெளிவந்த எந்த ரகத்தாலும் இயலவில்லை.

வீரிய ஒட்டுக் காலம்

1954-ல் அமெரிக்காவின் டெக்சாசில் ஸ்டீவன்ஸ், ஹாலந்து என்னும் இருவர், மகரந்தம் உண்டாகாத சோளச் செடிகளை மரபுவழியே நிலைநிறுத்தும் வழியைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் கொண்ட சோளத்தில், பெரிய அளவில் ஒட்டுவிதை உண்டாக்க அதுவரை இருந்த தடை இதனால் நீங்கியது. இந்தியாவில் இந்நுட்பத்தைக் கொண்டு உருவாகி, 1964-ல் வெளியிடப்பட்ட ‘சி.எஸ்.எச். 1’ நாட்டின் முதல் வணிகமுறை வீரிய ஒட்டுச் சோளமாயிற்று. 1966-ல் தொடங்கிய உயர் விளைச்சல் ரகத் திட்டத்தில் நெல், கோதுமை, கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றோடு சோளமும் சேர்க்கப்பட்டது, 1969-ல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த சோள மேம்பாட்டுத் திட்டம் அமைந்தது, 1975-ல் ‘சி.எஸ்.எச். 5’, 1983-ல் ‘சி.எஸ்.எச். 9’ எனத் தொடர்ந்து ஒட்டுகள் வந்தன.

இவற்றின் வலிமை மறுக்கத்தக்கதன்று. குட்டையான தண்டு, ஏறத்தாழ 100 முதல் 110 நாள் வயது, உரத்துக்கு ஏற்ப உயரும் விளைச்சல் ஆகியவற்றால், பாசனமும் ஆழமான மண்ணும் வாய்த்த இடங்களில் அவை நாட்டு ரகத்தை எளிதில் விஞ்சின. ஆனால் அவற்றின் சிறப்பு எதுவோ அதுவே மலைப்புற மானாவாரியில் குறையாக மாறியது. குட்டைத் தண்டு மாட்டுக்குப் போதிய தட்டைத் தரவில்லை. குறுகிய வயது காரணமாக மழை ஓயும் முன்பே கதிர் முற்றியதால் பூசணம் பற்றி மணி கறுத்தது. சுற்றிலும் வேறெதுவும் முற்றாத நாளில் முதலில் முற்றிய சோளத்தின் மேல் பறவைகள் கூட்டமாக இறங்கின. ஒட்டுவிதையின் வீரியம் மறுதலைமுறையில் சிதறிவிடும் என்பதால் ஆண்டுதோறும் புதுவிதை வாங்கவேண்டியிருந்தது. கேழ்வரகு வயலில் ஒன்றிரண்டு சால் மட்டும் சோளம் விதைப்பவருக்கு அச்செலவு பொருந்தவில்லை. மணியின் சுவையும் மினுக்கும் நாட்டுச் சோளத்துக்கு இணையாக இல்லாததால் சந்தையிலும் விலை குறைந்தது.

இக்குறைகளால் எழுந்த உழவரின் மறுப்பை, விட்டொழிக்க முடியாத பழமைப்பற்று என்று விரிவாக்க அலுவலர்கள் விளக்கிய காலம் ஒன்று இருந்தது. உண்மையில் அது பழமைப்பற்றன்று, முழுமையான கணக்கு. தானியத்தின் எடையை மட்டும் வரவு வைத்த நிலையத்தின் கணக்கில், தட்டு, பூசணம், பறவை, விதைச்செலவு, விலை ஆகிய ஐந்தும் இடம்பெறவே இல்லை. உழவரோ அவை அனைத்தையும் கூட்டிக் கழித்த பின்னரே புதுரகத்தை மறுத்தார் அல்லது ஏற்றார்.

மண்டல நிலையமும் கடைசிப் படியும்

1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவான பின்னர், வட்டாரத்துக்கு ஏற்ற ரகத்தை வட்டாரத்திலேயே உருவாக்க வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரில் அமைந்த மண்டல ஆராய்ச்சி நிலையம், கேழ்வரகு, சாமை, கொள்ளு ஆகியவற்றோடு சோளத்திலும் ‘பையூர் 1’, ‘பையூர் 2’ என்னும் ரகங்களை வெளியிட்டது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்னும், அஞ்செட்டி மலைப்புறத்துக்கு மிக அருகிலுள்ள பயிர் இனப்பெருக்க நிலையம் இதுவே.

ஆயினும் ரக வெளியீட்டின் படிவரிசை மாறவில்லை. முதலில் நிலையத்துக்குள் விளைச்சல் சோதனை. அதை அடுத்து, பல நிலையங்களில் ஒரே வேளையில் நடக்கும் பல்லிடச் சோதனை. பின்னர் உழவர் வயல்களில் நடக்கும் அனுசரணை ஆராய்ச்சித் திடல். இறுதியில் மாநில ரக வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல். மூன்றாம் படியை எட்டும்போது நூற்றுக்கணக்கான மரபுவழிகளுள் பெரும்பாலானவை கழிந்து, மிகச் சிலவே எஞ்சியிருக்கும். அதனால் உழவர் தம் நிலத்தையும் உழைப்பையும் தந்தாலும், எதைக் கழிப்பது என்னும் முடிவில் அவருக்குப் பங்கில்லை. நெட்டைத் தண்டு என்பதற்காகவே முதற்படியில் தள்ளப்பட்ட ஒரு வழி அவர் கண்ணுக்கே எட்டாமல் போனது. 1970-களிலிருந்து ‘மினிகிட்’ என்னும் சிறு விதைப்பைகள் உழவருக்கு வழங்கப்பட்டதும் இதே வரம்புக்கு உட்பட்டது: அது வெளியிடப்பட்ட ரகத்தைப் பரப்பும் வழியாக இருந்ததேயன்றி, எந்த ரகத்தை வெளியிடுவது என்று கேட்கும் வழியாக இருக்கவில்லை.

மாநில எல்லையும் இவ்வமைப்பின் ஒரு குறை. ஒரு மாநிலக் குழு ஒப்பிய ரகம் அம்மாநிலத்துக்கே பரிந்துரைக்கப்படுகிறது. மண்ணும் மழையும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. மாண்டியாவில் லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்கக் கேழ்வரகுகளை ஒட்டி 1970-களிலிருந்து வெளியிட்ட ‘இண்டாஃப்’ வரிசையும், பெங்களூரில் உருவான ‘ஜி.பி.யு. 28’-உம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்குப் பரவியதில், அரசாணையைவிட உறவுமுறைக்கும் வாரச்சந்தைக்கும் பங்கு மிகுதி.

கேட்டுத் தெரிந்த கட்டம்

உழவரை மதிப்பீட்டாளராகவே ஏற்கும் சிந்தனை 1980-களில் வடிவம் பெற்றது. 1987-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் சேம்பர்ஸ் முதலியோர் கூட்டிய கருத்தரங்கு, உழவரை முன்னிறுத்தும் ஆராய்ச்சி என்னும் கொள்கையைப் பரவலாக்கியது. 1988-ல் உத்தரப் பிரதேசத்து ஃபைசாபாத்தைச் சேர்ந்த மௌரியாவும் அவருடன் பணியாற்றியவர்களும், உழவரின் நாட்டு நெல்லைப் போன்ற பண்புள்ள நிலைய வழிகளைத் தேடி அவர்களிடமே சோதிக்கக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டனர். குசராத், இராசத்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்றும் சந்திக்கும் பழங்குடிப் பகுதியில் அருண் ஜோஷியும் ஜான் விட்கோம்பும் நடத்தி 1996-ல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். ஒடிசாவுக்கென வெளியிடப்பட்டு, அம்மூன்று மாநிலங்களிலும் பரிந்துரைக்கப்படாத ‘கலிங்கா 3’ என்னும் நெல்லை, தம் வயலில் விதைத்துப் பார்த்த உழவர்கள் விரும்பி ஏற்றனர்; மாநில எல்லை என்னும் தடை எவ்வளவு செயற்கையானது என்பதை அது காட்டியது.

பங்கேற்பு ரகத் தேர்வு எனப்படும் இம்முறை சில படிகளால் ஆனது. முதலில் உழவர் இப்போது எதை விதைக்கிறார், அதில் எதை மாற்ற விரும்புகிறார் என்பது கேட்டறியப்படுகிறது. பின்னர் அத்தேவைக்குப் பொருந்தும் ரகங்கள், எங்கு வெளியிடப்பட்டவையாயினும், தேடித் தரப்படுகின்றன; உழவர் அவற்றைத் தம் ரகத்துக்கு அருகிலேயே, தம் வழக்கமான உரமும் உழவும் கொண்டு விளைவிக்கிறார். கதிர் முற்றும் வேளையில் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாக வயலைச் சுற்றிவந்து வரிசைப்படுத்துகின்றனர். அறுவடைக்குப் பின் குத்திப் பார்த்தலும் சமைத்துப் பார்த்தலும் நடைபெறுகின்றன. மறு ஆண்டு அதே விதையை யாருடைய தூண்டுதலும் இன்றி மீண்டும் விதைத்தாரா, அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாரா என்பதே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்படுகிறது. ரகம் நிலைபெறும் முன்பே, பண்புகள் பிரியும் தலைமுறையிலேயே உழவரைத் தேர்வில் சேர்த்தால் அது பங்கேற்பு இனப்பெருக்கம் எனப்படும். மலாவியில் சீக்லிண்ட் ஸ்னாப் வகுத்த தாய்–சேய்த் திடல் முறையில், எல்லா ரகங்களும் உள்ள ஒரு பெருந்திடலை ஆய்வாளர்கள் பேணுகின்றனர். அவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் ஒவ்வோர் உழவரும் தம் சிறு திடலில் சோதிக்கிறார்.

சோளத்தில் இவ்வழி மாலி நாட்டில் ஆழமாக வேரூன்றியது. அங்கு எவா வெல்ட்சியன் முதலிய, இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உழவர் விரும்பிய நெட்டையான ‘கினி’ இனச் சோளத்தையே அடிப்படையாக்கி ஒட்டுகளை உருவாக்கினர். விதை உற்பத்தியிலும் உழவர் கூட்டுறவுகள் இறங்கின. 1972-ல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் நிறுவப்பட்ட இக்ரிசாட், 2009-ல் தொடங்கிய ‘ஹோப்’ திட்டத்தின் வழியே மகாராட்டிரத்துப் பின்பனிக்காலச் சோளத்துக்கு வந்தபோது, ஒரே ரகத்தை எங்கும் பரப்பும் பழைய முறை கைவிடப்பட்டது. ஆழமற்ற மண்ணுக்கு ‘புலே அனுராதா’, நடுத்தர மண்ணுக்கு ‘புலே சித்ரா’, ஆழமான கரிசலுக்கு ‘புலே வசுதா’ என மண்ணுக்கேற்ற ரகங்கள் உழவர் வயல்களிலேயே ஒப்பிடப்பட்டன. மால்தண்டியின் சுவையையும் தட்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதற்குக் குறையாத ரகங்களே அங்கு முன்வைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

அஞ்செட்டியும் இன்றைய நிலையும்

தமிழகத்தில் இம்முறை சோளத்தைவிடப் பிற சிறுதானியங்களிலேயே முதலில் ஆழமாகக் கையாளப்பட்டது. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சாமை முதலியவற்றைக் காத்துவந்த பணி ஒருபுறம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும் கனடிய மென்னோனைட் பல்கலைக்கழகமும் இணைந்து 2011 முதல் 2014 வரை தெற்காசிய மானாவாரிப் பகுதிகளில் நடத்திய சிறுதானியத் திட்டம் மறுபுறம். பின்னது அஞ்செட்டி வட்டாரத்தையும் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்டு, ரகத் தேர்வையும் சாகுபடி முறைகளையும் உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஒரே திட்டத்தில் இணைத்தது. அவ்விணைப்பு முக்கியமானது; ஏனெனில், உரலும் உலக்கையும் வழக்கொழிந்துவரும் வீட்டில், எவ்வளவு நல்ல ரகமாயினும், உமி நீக்க வசதியில்லாவிட்டால் மறு ஆண்டு விதைக்கப்படுவதில்லை.

கேழ்வரகிலும் சாமையிலும் பெற்ற இந்த அனுபவம் நாட்றாம்பாளையத்துச் சோளச் சாலுக்கும் பொருந்தும், ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் மாறியுள்ளன. 1970-களிலிருந்து ஓசூரில் வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டைகள், மலைப்புற இளைஞர்களை ஆலைவேலைக்கும் அதைச் சார்ந்த தொழில்களுக்கும் ஈர்த்துள்ளன. காலையும் மாலையும் பரண்மேல் நின்று கிளிகளை ஓட்ட ஆள் இல்லாத வீட்டுக்குப் பறவை அண்டாத கதிர் முதல் தகுதியாகிறது. காட்டையொட்டிய வயல்களில் யானை வரவும் ஓர் அளவுகோல். மறுபுறம், பால் விற்பனை வீட்டு வருவாயில் இடம்பிடித்ததால் தட்டின் மதிப்பு மேலும் உயர்ந்துள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ல் வெளியிட்ட ‘கோ எப்.எஸ். 29’ போன்ற, பலமுறை அறுக்கத்தக்க தீவனச் சோளங்கள் கிணற்றுப்பாசனம் உள்ளவருக்கு ஏற்றவை. மழையை மட்டும் நம்பியிருப்பவருக்கோ, தானியமும் தந்து தட்டும் தரும் இருபயன் ரகமே தேவை. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டுக்கு நஞ்சாகும் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகும் என்பதால், தீவன ரகத்தின் மதிப்பீட்டில் அதுவும் சேர வேண்டியதாகிறது.

1960-களில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் எக்டேரில் விளைந்த சோளம், இன்று 50 லட்சம் எக்டேருக்கும் குறைந்த பரப்பில் சுருங்கியிருப்பதற்கு, மலிவான அரிசியும் மக்காச்சோளமும் பருத்தியும் பெருங்காரணங்கள். அவற்றோடு, உழவரின் அளவுகோலை இறுதிப் படிக்குத் தள்ளிவைத்த ஆராய்ச்சி முறையும் தன் பங்கைச் செலுத்தியது என்பதை மறுக்க இயலாது. 2001-ல் இயற்றப்பட்ட பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும், வணிகப்பெயர் இடாமல் விற்கவும் உழவருக்குள்ள உரிமையை உறுதிசெய்ததோடு, உழவர் ரகங்களைப் பதிவுசெய்யவும் வழி வகுத்தது. சட்டம் ஏற்றுக்கொண்ட உழவரின் பங்களிப்பை ரக வெளியீட்டின் படிவரிசை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. கோயம்புத்தூரில் 1920-களில் உழவரின் குவியலிலிருந்து தொடங்கிய ஆய்வு வெற்றி பெற்றதற்கும், 1960-களில் அக்குவியலை விட்டு விலகிய ஒட்டு மலைப்புறத்தில் தங்காததற்கும் காரணம் ஒன்றே: முன்னதில் கழித்தலுக்கு முன்பே உழவரின் தேர்வு முடிந்திருந்தது, பின்னதில் கழித்தல் முடிந்த பிறகே அவர் கேட்கப்பட்டார். மலைப்புறத்துக்கு அடுத்த சோள ரகத்தை உருவாக்க முனைவோர், கேழ்வரகுக்கு நடுவே ஒரு சாலில் அது எப்படி வளர்கிறது, எத்தனை கட்டுத் தட்டு தருகிறது என்னும் இரண்டையும் முதற்படிச் சோதனையிலேயே அளப்பார்களானால், ஏற்பு என்பது விரிவாக்கத் துறை தனியே முயன்று வெல்லவேண்டிய ஒன்றாக இராது.